வெட்டாமல் விட்ட துளை

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்துநான்காம் ஆண்டு ஆவணி மாதம், நெடுந்தீவு. தென்மேற்கிலிருந்து வீசுகிற சோளகக் காற்று அடங்காத காலம். குறிகட்டுவானிலிருந்து படகு ஒரு நாள் வந்தால் மறுநாள் வராது. நான் அங்கே கிணறு கிணறாகப் போய்த் தண்ணீரை நாக்கில் வைத்துப் பார்க்கிற வேலையில் இருந்தேன்.

அப்படியும் ஒரு வேலையா என்று கேட்பீர்கள். சொல்கிறேன். எனக்குச் சொந்த ஊர் சுருவில். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன். அதற்குப் பிறகு ஓரிடத்தில் ஒரு வருடம் முழுதாக நின்றதில்லை. வவுனியாவில் அரிசி ஆலை, ஆனையிறவில் உப்பளம், கடைசியாகக் கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடை. எண்பத்துமூன்று ஆடிக் கலவரத்தில் கடை எரிந்தது. எங்களைக் கப்பலில் ஏற்றிக் காங்கேசன்துறையில் இறக்கிவிட்டார்கள். உடுத்த சாரமும் தோளில் ஒரு துவாயும் மிச்சம். ஒரு வருடம் அங்கும் இங்கும் கூலிக்குப் போனேன். அப்போதுதான் தீவுகளில் கிணறு கணக்கெடுக்க ஆள் வேண்டும் என்று கேள்விப்பட்டேன்.

அந்த வேலைக்குப் பொறுப்பாக இருந்தவர் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த ஒரு பெண். விஞ்ஞானம் படித்தவர். என் வயதுதான் இருக்கும், இருபத்தாறு இருபத்தேழு. எல்லோரும் அவரை மிஸ் என்றுதான் கூப்பிட்டோம். என்னிடம் அவர் சான்றிதழ் கேட்கவில்லை. மேசையில் நாலு கிளாஸ் தண்ணீர் வைத்து, உப்புக் குறைந்ததிலிருந்து கூடினது வரை அடுக்கச் சொன்னார். உப்பளத்தில் பத்து மாதம் நின்ற நாக்கு. ஒரு நிமிடத்தில் அடுக்கினேன். "நாளைக்கு வாரும்" என்றார்.

நெடுந்தீவில் தண்ணீர்தான் எல்லாம். மழை பெய்து மண்ணுக்குள் இறங்கிய நல்ல தண்ணீர் கடல் தண்ணீருக்கு மேலே மெல்லிய ஆடைபோலக் கிடக்கும். கோடையில் அது குறையக் குறையக் கிணறுகள் ஒவ்வொன்றாக உப்பேறிச் சவராகும். எந்தக் கிணறு எந்த மாதம் சவராகிறது, எது கடைசிவரை நிற்கிறது, யாருடையது, சுற்றிவரக் கட்டு உண்டா, வண்டி போகுமா என்று எல்லாவற்றையும் எழுத வேண்டும். முந்நூற்றுச் சொச்சம் கிணறுகள்.

அதை எழுதிய விதம்தான் எனக்குப் புதிது. கையகல மொத்த அட்டை, கிணற்றுக்கு ஒன்று. அட்டையின் நாலு ஓரத்திலும் வரிசையாகச் சின்னத் துளைகள். ஒவ்வொரு துளையும் ஒரு கேள்வி. கோடையில் நல்ல தண்ணீரா, இடைத்தரமா, கட்டு இருக்கிறதா, வண்டி போகுமா, கிழக்கா, மத்தியா, மேற்கா, மற்றவர்களை அள்ள விடுவார்களா. பதில் ஓம் என்றால், பஸ் கொண்டக்டர் ரிக்கெற் கடிக்கிற மாதிரி ஒரு சின்ன வெட்டியால் அந்தத் துளையை ஓரம்வரை வெட்டிவிட வேண்டும். இல்லை என்றால் வெட்டாமல் விட வேண்டும்.

நல்ல தண்ணீர்க் கிணறுகள் எவை என்று பார்க்க வேண்டுமானால், அட்டைகளை அடுக்கி அந்தத் துளைக்குள் நீளமான ஊசி ஒன்றைச் செருகித் தூக்கிக் குலுக்க வேண்டும். வெட்டிய அட்டைகள் கீழே விழும். வெட்டாதவை ஊசியில் தொங்கும். கொண்டுவந்த ஊசிகள் முதல் கிழமையே தொலைந்துவிட்டன. நான் சைக்கிள் கம்பிகளை உரசி நேராக்கிக் கொடுத்தேன். அதிலிருந்து எனக்கு அங்கே கம்பிக்காரர் என்று பெயர்.

ஒரு கேள்வி என்றால் ஒரு கம்பி. நல்ல தண்ணீரும் வேண்டும், வண்டியும் போக வேண்டும் என்றால் இரண்டு துளைக்கும் இரண்டு கம்பியை ஒரேயடியாகச் செருக வேண்டும். இரண்டும் வெட்டியிருந்தால்தான் அட்டை விழும். இதுவோ அதுவோ ஏதாவது ஒன்று போதும் என்றால் முதல் கம்பியில் விழுந்ததை எடுத்து வைத்துவிட்டு, மிச்சத்தில் மற்றக் கம்பியைச் செருகி, விழுகிற இரண்டையும் ஒன்றாகச் சேர்க்க வேண்டும். எட்டாம் வகுப்புக்காரனுக்கு இது பெரிய விளையாட்டு. பின்னேரங்களில் சும்மா இருந்தே கேள்விகளைக் கோத்துக் குலுக்கிப் பார்ப்பேன்.

ஒரு நாள் மிஸ் கேட்டார், நல்லதோ இடைத்தரமோ பரவாயில்லை, ஆனால் வண்டி போகிற கிணறுகள் வேண்டும் என்று. நான் நல்லதை முதலில் விழுத்திப் பக்கத்தில் வைத்தேன். பிறகு இடைத்தரத்துக்கும் வண்டிக்கும் இரண்டு கம்பி செருகி விழுத்தினேன். இரண்டு குவியலையும் சேர்த்துக் கொடுத்தேன். அவர் பட்டியலோடு முதல் கிணற்றைத் தேடிப் போனார். பனங்கூடலுக்குள், நாலு கல்வேலி ஏறிப் பாய்ந்து போகிற இடத்தில் இருந்தது அது. திரும்பி வந்து முள்ளுக் கிழித்த சீலைக் கரையைப் பார்த்துக்கொண்டு கேட்டார்.

"ஏன் காணும், நல்ல தண்ணிக்கு வண்டி தேவையில்லையோ? அது தானா நடந்து வருமோ?"

பிழை விளங்க எனக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது. வண்டி என்கிற நிபந்தனையை இடைத்தரத்துக்கு மட்டும் போட்டிருக்கிறேன். நல்லதையும் இடைத்தரத்தையும் முதலில் ஒரே குவியலாக்கிவிட்டு, அந்தக் குவியல் முழுவதற்கும் வண்டிக் கம்பியைச் செருகியிருக்க வேண்டும். அதற்குப் பிறகு அந்தப் பிழையை நான் செய்ததில்லை. கம்பி பொய் சொல்லாது, செருகுகிறவன்தான் கவனமாகச் செருக வேண்டும் என்று நினைத்தேன். அது பாதி சரி.

நான் தங்கியிருந்தது மத்தியில் ஒரு குடும்பத்தோடு. கொஞ்சத் தோட்டம், பத்துப் பன்னிரண்டு மாடு, பனை. அந்த அண்ணைக்கு நாற்பது வயது இருக்கும். வாய் ஓயாத மனிதர். நான் சாப்பிட உட்கார்ந்தால், "கம்பிக்காரர், இந்தக் குழம்பையும் ஒருக்கா நக்கிப் பார்த்துச் சொல்லும், நல்லதோ இடைத்தரமோ" என்பார். அவருடைய மனைவி அகப்பையோடு குசினியிலிருந்து எட்டிப் பார்ப்பார்.

ஆவணி நடுவில் அந்தப் பகுதியில் ஒரு கல்யாணம் நடந்தது. அதற்குப் போனவர்களில் பலருக்கு மூன்றாம் நாள் வயிற்றோட்டம். அங்கே புழங்கிய பொதுக் கிணற்றில்தான் பிழை என்று தீவில் வைத்தியம் பார்த்த அப்போதிக்கரி ஐயா அதை மூடச் சொன்னார். அவருடைய சின்ன மருந்தகத்தில் இடம் போதவில்லை. கிழக்குப் பக்கத்தில் விடுமுறைக்கு மூடியிருந்த பாடசாலை மண்டபத்தைத் திறந்து பாய் விரித்தார்கள். ஒரு கட்டத்தில் இருபது பேருக்கு மேல் அங்கே கிடந்தார்கள். எங்கள் அண்ணையும் அதில் ஒருவர்.

மருந்து என்று பெரிதாக ஒன்றும் இல்லை. ஏற்றுகிற சேலைன் நாலைந்து போத்தல்தான், மிக மோசமானவர்களுக்கு. மற்றவர்களுக்கு உப்பும் சீனியும் அளந்து கரைத்த தண்ணீர். போகிறதற்கு ஈடாக உள்ளே போய்க்கொண்டிருக்க வேண்டும், அவ்வளவுதான் வைத்தியம். ஆனால் அதை நல்ல தண்ணீரில் கரைக்க வேண்டும். சவர்த் தண்ணீரில் மேலும் உப்பைக் கரைத்துக் கொடுத்தால் குடிக்கிறவர் இன்னும் காய்ந்துபோவார் என்று அப்போதிக்கரி சொன்னார். அந்தப் பகுதியில் நாங்கள் அள்ளுகிற கிணறுகள் எல்லாம் அந்த நேரம் சவர்.

மிஸ் அட்டைப் பெட்டியைத் திறந்து என்னைப் பார்த்தார். "நல்ல தண்ணி. கட்டு இருக்க வேணும். மற்ற ஆக்களை அள்ள விட வேணும். கிழக்கு இல்லாட்டி மத்தி. குலுக்கும்."

இந்தத் தடவை ஒழுங்காகச் செய்தேன். கிழக்கையும் மத்தியையும் முதலில் ஒரே குவியலாக்கினேன். பிறகு மூன்று கம்பியை ஒன்றாகச் செருகித் தூக்கிக் குலுக்கினேன். ஒரு அட்டைகூட விழவில்லை. மீண்டும் குலுக்கினேன். அட்டைகள் வௌவால் மாதிரித் தொங்கிக்கொண்டு நின்றன.

மேற்கைச் சேர்த்துப் பார்த்தபோது மூன்று விழுந்தன. மூன்றும் தீவின் மற்ற அந்தம். ஓடுகிற நிலையில் இருந்த ஒரே ஒரு உழவு இயந்திரத்தில் தகரப் பீப்பாய்களை ஏற்றி அங்கேயிருந்து தண்ணீர் கொண்டுவந்தோம். பாதை என்று சொல்ல ஒன்றும் இல்லை. கல்லில் ஏறி இறங்கிப் பாதித் தண்ணீர் வழியில் சிந்தும். இரண்டு நாள் ஓடியது. மூன்றாம் நாள் அச்சு முறிந்தது. புது அச்சு யாழ்ப்பாணத்திலிருந்து வர வேண்டும், அதற்குப் படகு வர வேண்டும். காற்று விடவில்லை.

பிறகு மாட்டு வண்டி. போய் வர அரை நாளுக்கு மேல். வந்த தண்ணீரை ஆளுக்கு இத்தனை கோப்பை என்று அளந்து கொடுத்தார்கள். போகிறதுக்கு அது காணவே காணாது. எங்கள் அண்ணையின் கண் குழிக்குள் போய்விட்டது. கையில் தோலைக் கிள்ளினால் கிள்ளினபடியே நின்றது. மனைவி பக்கத்தில் இருந்து ஓலையால் விசிறிக்கொண்டிருந்தார். நான் போய்க் குந்தினபோது அண்ணை வாயைத் திறந்தார், குரல் வரச் சுணங்கியது.

"கம்பிக்காரர்... உம்மட கம்பி எனக்கொரு கிணறு தராதாமோ?"

"எல்லாம் பார்த்தாச்சு அண்ணை. கிட்டடியிலை ஒண்டும் இல்லை."

"நல்லாப் பார்த்தனீரோ?"

"நல்லாப் பார்த்தனான்."

அடுத்த நாள் காலை, மண்டபத்தில் கிடந்த ஒரு வயதானவர் போய்விட்டார். வெளியே வேப்பமரத்தடியில் ஆட்கள் கூடி நின்றார்கள். அண்ணையின் மனைவி அழவில்லை, ஆனால் விசிறுகிற கை நின்றுவிட்டது. அடுத்தது யார் என்று எல்லோருக்கும் மனதுக்குள் ஒரு கணக்கு இருந்தது. அதில் அண்ணை முன்னுக்கு இருந்தார்.

மண்டபத்தின் கடைசி மூலையில் கரையோரத்து மீன்பிடிக்காரர் ஒருவரும் கிடந்தார். கல்யாணத்துக்கு மீன் கொண்டுபோனவர், அங்கேயே சாப்பிட்டவர். அவருடைய தங்கை, நாற்பது வயது மதிக்கத்தக்க பெண், காலையும் பின்னேரமும் இடுப்பில் ஒரு அலுமினியக் குடத்தோடு வருவார். வாசலில் நிற்கிறவர்களோடு கதைக்க மாட்டார். நேராக மூலைக்குப் போய் அண்ணனுக்கு வேண்டியதைச் செய்துவிட்டுப் போவார். நான் அவரை நாலு நாளாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். குடத்தையும் பார்த்தேன். ஒன்றும் தோன்றவில்லை.

அன்று காலை வண்டி இன்னும் வரவில்லை. அண்ணைக்குக் கொடுக்கக் கரைத்த தண்ணீர் முடிந்துவிட்டது. அப்போதிக்கரி அந்தப் பெண்ணிடம் போய், "பிள்ளை, உன்ரை குடத்திலை ஒரு போத்தல் தா" என்று வாங்கினார். உப்புப் போட முன் பழக்கத்தில் ஒரு வாய் குடித்துப் பார்த்தார். பிறகு இன்னொரு வாய் குடித்தார். பிறகு மிஸ்ஸைக் கூப்பிட்டார். மிஸ் குடித்தார். என்னிடம் நீட்டினார். நானும் குடித்தேன். நாலு கிளாஸ் அடுக்கச் சொன்னால் முதலாவதாக வைக்கிற தண்ணீர்.

"உது எங்கத்தைத் தண்ணி அக்கா?" என்று மிஸ் கேட்டார்.

"எங்கட வளவுக் கிணறு. உந்தக் கோயிலுக்குப் பின்பக்கம்."

கால் மைல்கூட இல்லை. மிஸ் என் பக்கம் திரும்பினார். "அந்தக் கிணத்துக்கு அட்டை இல்லையோ?"

பெட்டி அங்கேயே இருந்தது. எடுத்துப் பார்த்தேன். இருந்தது. நல்ல தண்ணீர், வெட்டியிருந்தது. கட்டு, வெட்டியிருந்தது. கிழக்கு, வெட்டியிருந்தது. மற்றவர்களை அள்ள விடுவார்களா என்ற துளை வெட்டாமல் இருந்தது.

"இருக்கு மிஸ். மற்ற ஆக்களை அள்ள விடமாட்டினமாம்."

யோசித்துச் சொன்ன பொய் இல்லை அது. அட்டையில் இருந்ததைத்தான் சொன்னேன். சொல்லும்போது எனக்கே அது உண்மையாகத்தான் இருந்தது.

அந்தப் பெண் குடத்தைக் கீழே வைத்தார்.

"ஆர் சொன்னது?"

நான் அட்டையைத் திருப்பிப் பார்த்தேன்.

"இல்லை, கேக்கிறன். என்னட்டைக் கேட்டனீரோ? அண்ணையிட்டைக் கேட்டனீரோ? ஆரிட்டைக் கேட்டனீர்?"

மண்டபத்தில் கதைத்துக்கொண்டிருந்தவர்கள் எங்கள் பக்கம் திரும்பினார்கள்.

"நீர் வந்தனீர், எனக்கு ஞாபகம் இருக்கு. வேலிப் படலைக்கு வெளியிலை நிண்டு தண்ணி கொண்டா எண்டனீர். வாளியோடை கொண்டந்து தந்தனான். வாய்க்குள்ளை விட்டீர், கொப்பளிச்சீர், துப்பினீர். வேலிக்கு மேலாலை எட்டிக் கட்டு இருக்கோ எண்டு பார்த்தீர். அட்டையைக் கடிச்சீர், போட்டீர். எங்கட தண்ணி கசக்குதாக்கும் எண்டு நான் பேந்து வாளியைக் கழுவி வைச்சனான்."

அவர் சொன்னது ஒரு சொல் பிழையில்லை. மத்தியிலும் மேற்கிலும் தோட்டக்காரர் வீடுகளுக்குப் போனால் உள்ளே கூப்பிட்டுக் கதிரை போடுவார்கள். செம்பில் தண்ணீர் தருவார்கள். நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு மிச்சத்தைக் குடித்து முடிப்பேன். எந்த ஊர், யாருடைய பிள்ளை என்று என் அடி முடி தேடுவார்கள். எல்லாம் முடிந்து எழும்பும்போது கடைசிக் கேள்வியாக, மற்ற ஆட்கள் வந்தால் அள்ள விடுவீர்களா என்று கேட்பேன். எங்கட ஆக்களெண்டா ஓம் என்பார்கள். அதை ஓம் என்றே எடுத்து வெட்டிவிடுவேன்.

கரையோரத்து வீடுகளில் அப்படி இல்லை. பதினொரு வீட்டையும் ஒரே பின்னேரத்தில் முடித்தேன். கெட்டிக்காரன் என்று மிஸ்கூடச் சொன்னார். உள்ளே போகாததால் வந்த கெட்டிக்காரத்தனம் அது. எங்கள் வீட்டில் அவர்களுடைய கிணற்றில் தண்ணீர் குடிக்க மாட்டார்கள், எங்கள் கிணற்றில் அவர்களை அள்ள விடவும் மாட்டார்கள். நான் அதைப் பற்றி ஒரு நாளும் யோசித்தவன் இல்லை. கொழும்பில் யாருடைய தண்ணீரையும் குடித்திருக்கிறேன். கப்பலில் யாரோ கடித்த பாண் துண்டை வாங்கித் தின்றிருக்கிறேன். தீவுக்கு வந்ததும் வாய் தானாகத் துப்பியது. இந்தக் கிணற்றில் யார் வந்து அள்ளப் போகிறார்கள், பிறகு எதற்குக் கேட்க வேண்டும் என்று கேள்வியை விட்டுவிட்டேன். கேட்காமல் விட்டதும் அட்டையில் வெட்டாத துளைதான். மாட்டோம் என்று சொன்னதும் வெட்டாத துளைதான். குலுக்குகிறபோது இரண்டும் ஒரே மாதிரித் தொங்கும்.

மிஸ் என்னை ஏசுவார் என்று நினைத்தேன். அவர் அந்த வெட்டியை எடுத்து என் கையில் வைத்தார்.

"இப்ப கேளும். கேட்டுப்போட்டு வெட்டும்."

இருபது பாயிலும் கிடந்தவர்கள், சுற்றி நின்றவர்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருமாதிரிக் கேட்டேன்.

"அக்கா, உங்கட கிணத்திலை மற்ற ஆக்கள் அள்ளலாமோ?"

உடனே ஓம் என்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் சொல்லவில்லை. ஒரு தரம் சுற்றிப் பார்த்தார். அண்ணையின் மனைவியை, வாசலில் நின்ற ஆட்களை, கடைசியாக என்னை.

"அள்ளலாம். ஆனால் படலைக்கு வெளியிலை நிண்டுகொண்டு கொண்டா எண்டு ஒருத்தரும் கேக்கக் கூடாது. உள்ளுக்கு வரவேணும். எங்கட வாளியாலைதான் அள்ளவேணும். அதுக்கு ஏலும் எண்டால் ஆரும் வரலாம்." பிறகு குடத்தை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு, "முதல் நீர் வாரும்" என்றார். அட்டையில் அந்தத் துளையை வெட்டினேன்.

போனேன். படலையைத் திறந்துவிட்டு அவர் முன்னால் நடந்தார். கிணற்றடி துப்புரவாக இருந்தது. முருகைக் கல்லில் உயர்த்திக் கட்டிய கட்டு, மேலே பனங்குற்றி. வாளியை என்னிடம் தந்துவிட்டுத் தள்ளி நின்றார். அள்ளினேன். குடத்தில் ஊற்றப் போனபோது, "முதல்லை குடியும்" என்றார். கையில் ஏந்திக் குடித்தேன். அவர் என் தொண்டையைப் பார்த்துக்கொண்டு நின்றார். விழுங்குகிறேனா என்று.

"கசக்குதோ?"

"இல்லை அக்கா."

"அப்ப சரி. அள்ளும்."

நான் இரண்டு வாளி ஊற்றி நிமிர்ந்தபோது படலையடியில் அண்ணையின் மனைவி நின்றார், கையில் குடம். எத்தனையோ வருடமாக அந்த வழியால் போய் வந்தவர், படலைக்குள் கால் வைத்திருக்க மாட்டார். ஒரு கணம் நின்றார். பிறகு உள்ளே வந்தார். கிணற்றுக்கார அக்கா வாளியை என்னிடமிருந்து வாங்கி அவருடைய கையில் கொடுத்தார். அதற்குப் பிறகு வரிசையாக வந்தார்கள். எல்லோரும் இல்லை. இரண்டு பேர் ஒழுங்கையில் நின்று பார்த்துவிட்டு வெறும் குடத்தோடு திரும்பிப் போனார்கள். மிச்சப்பேர் வந்தார்கள்.

அன்று பத்து மணியிலிருந்து தண்ணீர் அளந்து கொடுக்கப்படவில்லை. கேட்கக் கேட்கக் கொடுத்தார்கள். அண்ணைக்கு முதல் கோப்பையை நான்தான் பிடித்தேன். இரண்டு மிடறு குடித்துவிட்டு, எந்தக் கிணறு என்று கேட்டார். எனக்குப் பயம். சொன்னேன். அவர் கோப்பையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அப்ப கம்பி பிழையில்லை, ஆள்தான் பிழை" என்றார். "தாரும் மிச்சத்தை."

அவர் பிழைத்தார். மற்றவர்களும் பிழைத்தார்கள். காலையில் போன அந்த வயதானவர் மட்டும்தான் போனது. அவர் தண்ணீர் போதாமல்தான் போனார் என்று யாரும் என்னிடம் சொல்லவில்லை. வயதும் வருத்தமும் முதலே இருந்தது என்று அப்போதிக்கரி பொதுவாகச் சொன்னார். அதற்கு மேல் நான் அவரிடம் கேட்கவில்லை. கேட்கத் துணிவு இருக்கவில்லை.

சுகமாகி வீட்டுக்குப் போனபின் இரண்டு மூன்று பேர் தாங்கள் அந்தத் தண்ணீர் குடிக்கவே இல்லை, மேற்கிலிருந்து வந்ததைத்தான் குடித்தோம் என்று சொல்லித் திரிந்தார்கள். எங்கள் அண்ணை அவர்களைச் சந்தியில் பிடித்து, "ஓமோம், உமக்கு மட்டும் வண்டி பறந்து வந்ததாக்கும்" என்று கேட்டார். அந்தக் கிணற்றுப் பழக்கம் எத்தனை நாள் நீடித்தது என்று எனக்குத் தெரியாது. மழை வந்ததும் அவரவர் தங்கள் கிணற்றுக்குத் திரும்பியிருப்பார்கள். அதைப் பெரிதாக்கிச் சொல்ல நான் விரும்பவில்லை.

அடுத்த கிழமை பெட்டியிலிருந்து கரையோரத்து அட்டைகள் பதினொன்றையும் பொறுக்கி எடுத்தேன். மண்டபத்தில் வெட்டிய அந்த அக்காவின் அட்டையைத் தவிர, மற்றப் பத்திலும் அந்தத் துளை வெட்டாமல்தான் இருந்தது. ஒவ்வொரு வீடாகப் போனேன், உள்ளே போய் உட்கார்ந்து கேட்டேன். அந்த அக்காவோடு சேர்த்து ஆறு வீட்டில் ஓம் என்றார்கள். மூன்று வீட்டில் தண்ணீர் காணாது, ஏலாது என்றார்கள். ஒரு வீட்டில் யோசித்துச் சொல்வதாகச் சொன்னார்கள். ஒரு மனிதர் மட்டும், "உங்கட ஆக்கள் முதல்லை எங்களை அள்ள விடட்டும், பேந்து பாப்பம்" என்று சொல்லிப் படலைவரை கொண்டுவந்து விட்டார். அவருடைய அட்டையில் வெட்டவில்லை. ஆனால் அது அவர் வாயால் சொன்ன "இல்லை".

மிஸ் அட்டையின் கீழ் ஓரத்தில் ஒன்றுக்கும் பயன்படாமல் கிடந்த ஒரு துளையைக் காட்டி, இனி இது "கேட்டாச்சு" என்றார். யாரிடமாவது ஒரு கேள்வியை உண்மையாகக் கேட்டிருந்தால் மட்டும் அதை வெட்ட வேண்டும். எதைத் தேடினாலும் முதல் கம்பி அதற்குள்தான் போக வேண்டும். விழாமல் தொங்குகிற அட்டைகள் "இல்லை" என்றவை அல்ல, நாங்கள் இன்னும் போகாத வீடுகள். அந்தத் துளையால் எங்கள் வேலை இரண்டு மாதம் நீண்டது. அதற்குப் பிறகு நான் வழக்கம்போல வேறு வேலை தேடிப் போய்விட்டேன். பிறகு நாடும் மாறி, இப்போது குளிர் ஊரொன்றில் ஒரு பெரிய களஞ்சியத்தில் பெட்டி அடுக்குகிறேன்.

என் மகள் கணினிக்கு நிரல் எழுதுகிற வேலை செய்கிறாள். போன வருடம் வீட்டிலிருந்து வேலை செய்தபோது பக்கத்தில் இருந்து பார்த்தேன். வாடகை வீடு தேடுகிறவர்களுக்கான பக்கம் ஒன்று. யாரோ முன்பே எழுதி வைத்திருக்கிற ஒரு நிரல் தொகுப்பை, லைப்ரரி என்கிறார்கள், எடுத்து வைத்துக்கொண்டு தனித்தனி நிபந்தனைகளைச் செய்து, பிறகு அவற்றை ஒன்றோடொன்று கோக்கிறாள். இரண்டு அறை அல்லது மூன்று அறை, ரயிலுக்குக் கிட்ட, நாய் வளர்க்க விட வேண்டும். எல்லாம் கோத்து முடித்த பிறகுதான் கேள்வி தரவுத்தளத்துக்குப் போகிறது. ரயிலே இல்லாத இடத்து இரண்டறை வீடுகளும் சேர்ந்து வந்தபோது, இரண்டு அறையையும் மூன்று அறையையும் முதலில் ஒரே குவியலாக்கு என்றேன். அவள் அடைப்புக்குறி போட்டாள். சரியாக வந்தது. அப்பாவுக்கு எப்படித் தெரியும் என்று வியந்தாள். சைக்கிள் கம்பிக் கதையைச் சொன்னேன்.

சொல்லிவிட்டு நான் ஒன்று கேட்டேன். நாய் வளர்க்கலாமா என்ற இடத்தை வீட்டுக்காரர் நிரப்பாமல் விட்டிருந்தால் உன்னுடைய கணினிப் பெட்டி அதை எப்படி எடுக்கும்? ஓம் என்பவற்றைத் தேடினாலும் அது வராது, இல்லை என்பவற்றைத் தேடினாலும் வராது, வெறுமையாக இருக்கிறவற்றைத் தா என்று தனியாகக் கேட்க வேண்டும் என்றாள். பரவாயில்லை, எங்கள் அட்டையைவிட அதற்குப் புத்தி கூட. ஆனால் அப்படித் தனியாகக் கேட்க ஒரு ஆளுக்கு நினைவு வர வேண்டுமே.

அந்த அட்டையில் இருந்த "இல்லை" அந்த அக்காவுடையது அல்ல, என்னுடையது என்று தெரிய இருபது பேர் பாயில் கிடக்க வேண்டியிருந்தது. இன்றைக்கும் யாரைப் பற்றியாவது "அவை மாட்டினம்" என்று என் வாயில் வருகிறபோது, உள்ளே போய்க் கேட்டேனா, அல்லது படலைக்கு வெளியே நின்று துப்பிவிட்டு வந்தேனா என்று ஒரு தரம் என்னையே கேட்டுக்கொள்கிறேன்.